முழங்கால் வலிக்காரர்களின் பிள்ளைகளுக்கு: பெற்றோரை உட்கார வைத்துவிடாதீர்கள்

முழங்கால் வலிக்காக இயன்முறை மருத்துவரிடம் அழைத்து வரப்படும் முதியவர்களில் பலர், வலி தொடங்கிப் பல மாதங்கள் கழிந்த பிறகே வருகிறார்கள். இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "அம்மாவை ஒரு துரும்பைக்கூட எடுத்து வைக்க விடுவதில்லை" என்று உடன் வந்த மகனோ மகளோ நிறைவோடு சொல்கிறார்கள். அண்மையில் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் எக்ஸ்ரேயில் தெரிந்தது நடுத்தரத் தேய்மானம்தான். ஆனால், இரு கைகளையும் ஊன்றாமல் அவரால் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. முழங்கால் சிப்பிக்கு மேலே, தொடையின் உட்புறத்தில் விரல் வைத்தால் திரண்டு தட்டுப்பட வேண்டிய தசை குழிந்து தளர்ந்திருந்தது. அவரை இந்நிலைக்குக் கொண்டுவந்தது தேய்மானத்தைவிட, அன்பின் பெயரால் வீட்டார் கொடுத்த ஓய்வுதான் என்பதை அந்தக் குடும்பத்திடம் சொல்வது எளிதாக இல்லை.

"மூட்டு தேய்ந்துவிட்டது, நடந்தால் இன்னும் தேயும்" என்ற நம்பிக்கை எப்படியோ எல்லா வீடுகளிலும் வேரூன்றிவிட்டது. ஓட ஓடத் தேயும் வண்டிச் சக்கரத்தைப் போல மூட்டை நினைத்துக்கொள்கிறார்கள். மூட்டு உயிருள்ள உறுப்பு. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்தே அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்துவதும், எடுக்கும்போது விரிவதுமாக இருந்தால்தான் அந்தத் திரவம் உள்ளே நன்றாகச் சென்று வரும். அளவான அசைவு மூட்டைத் தேய்ப்பதில்லை. அசைவின்மைதான் அதைப் பட்டினி போடுகிறது. "எண்ணெய் வற்றிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு சோபாவில் அமர்ந்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து இன்னொரு முறை படிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் கடுமையான தேய்மானம் தெரிந்தும் வலியின்றி நடமாடுபவர்களும் உண்டு. சிறிதளவே தேய்ந்திருக்க, வலியால் துடிப்பவர்களும் உண்டு. ஆகவே, படத்தைப் பார்த்து மட்டும் ஒருவரின் நடமாட்டத்தை முடித்து வைக்காதீர்கள்.

தசையின் கதை இன்னும் விரைவானது. உடல்நலமுள்ள முதியவர்களை 10 நாட்கள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2007ஆம் ஆண்டில் வெளியானது. அந்த 10 நாட்களுக்குள் அவர்களின் கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசைத்திசு குறைந்திருந்தது. நோயில்லாதவர்களுக்கே இந்த நிலை என்றால், மாதக்கணக்கில் கட்டிலுக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே இருப்பவரின் தொடைத் தசை என்னவாகும்? முழங்காலில் விழும் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வதே அந்தத் தசைதான்.

பயிற்சி என்றவுடன் பூங்காவும் ஓட்டமும் நினைவுக்கு வருவதால்தான் பலர் பின்வாங்குகிறார்கள். தேவைப்படுவது ஒரு கனமான மரநாற்காலி. வழவழப்பான தரையில் நழுவும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பாதங்கள் இரண்டும் தரையில் முழுமையாகப் படியும்படி அமர வேண்டும். முதலில் குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவதும், முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவதுமாகச் சிறிது நேரம் செய்து கணுக்காலைத் தளர்த்திக்கொள்ளலாம். அடுத்து, ஒரு காலை மெதுவாக நீட்டி, முழங்காலை இயன்ற அளவு நேராக்கி, தொடை இறுகுவதை உணர்ந்தபடி ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, அதே மெதுவில் இறக்க வேண்டும்; ஒவ்வொரு காலுக்கும் 10 முறை போதும். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மூச்சை அடக்கி முக்கினால் இரத்த அழுத்தம் ஏறும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சி. கழிப்பறைக்குத் தனியாகச் செல்ல முடியுமா என்பதை முடிவு செய்வதே அந்த அசைவுதான். எழ முடியாதவருக்கு இருக்கையின் மீது கெட்டியான மெத்தை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். வலு கூடக் கூட உயரத்தைக் குறைக்கலாம். இருக்கையின் முன்பக்கம் நகர்ந்து, பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, மூக்கு முழங்காலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்த பிறகே எழ வேண்டும். அமரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குவதில்தான் பாதிப் பயன் இருக்கிறது. கட்டிலை விட்டு இறங்க இயலாதவர்கள்கூட, சுருட்டிய துண்டை முழங்காலின் கீழ் வைத்து அழுத்திப் பிடிக்கும் பயிற்சியைப் படுத்தபடியே செய்யலாம்.

"வலிக்கிறதே, செய்யலாமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பொறுத்துக்கொள்ளும்படியான லேசான வலி, மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் திரும்புமானால் தொடரலாம். மறுநாளும் வலி கூடுதலாக இருந்தாலோ மூட்டு வீங்கினாலோ எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. அவ்வளவு இயலாதவர்கள் சிறிதளவு செய்தாலும் நன்மையே என்றும் அது சொல்கிறது. உடல் எடை மிகுந்தவர்களுக்கு ஒரு செய்தி: எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீது விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது.

இனி எச்சரிக்கைகள். நெஞ்சு வலி, மயக்கம், பேச முடியாத அளவு மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் பயிற்சியும் கூடாது, எண்ணெய் தேய்த்து நீவுவதும் கூடாது, இரத்தம் உறைந்திருக்கக்கூடும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம். தரையில் இழுபடும் புடவையோடும் தளர்ந்த வேட்டியோடும் எழுந்து நிற்கும் பயிற்சியைச் செய்ய விடாதீர்கள். பக்கவாதத்தால் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கி எழுப்பாதீர்கள். கப்பியில் கயிறு மாட்டி அந்தக் கையை மேலே இழுக்கவும் வைக்காதீர்கள். தளர்ந்த தோள்மூட்டு அதனாலேயே நழுவி, பின்னர் மாதக்கணக்கில் வலிப்பதை நாங்கள் வேண்டிய மட்டும் பார்த்துவிட்டோம். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், அறுவை மருத்துவரைக் கேட்காமல் மேற்சொன்ன எதையும் தொடங்க வேண்டாம். குறிப்பாக முன்னால் சாய்ந்து எழும் பயிற்சியை.

செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வெளியே வர இயலாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் அளிக்கப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். அவர்கள் வரும் நாளில், பழைய எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு, அண்மையில் பார்த்த சர்க்கரை, இரத்த அழுத்த அளவுகள் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். சொல்லித்தரும் பயிற்சிகளை வீட்டில் ஒருவராவது கூட இருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.