போட்ட தீனி எங்கே போகிறது?

கடல்மீன் தொட்டிக்குள் போட்ட தீனி, நாமாக வெளியே எடுக்காதவரை பெரும்பாலும் தொட்டியை விட்டுப் போவதில்லை, உருவம்தான் மாறும். 45 சதவீதம் புரதம் உள்ள பெல்லட்டை (குருணைத் தீனியை)த் தினமும் ஒரு கிராம் போடுகிறோம் என்று வையுங்கள். அதில் புரதம் 450 மில்லிகிராம். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன், ஆக 72 மில்லிகிராம். பாதி மீனின் உடம்பில் ஒட்டியது என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் மீதி 36 மில்லிகிராம் தண்ணீருக்குத்தான் வரும், பெரும்பாலும் செவுள் வழியாக, அம்மோனியாவாக. லைவ் ராக்கில், அதாவது தொட்டியில் வைக்கும் கடல் பாறையில், குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். கடைசியில் சேர்வது சுமார் 160 மில்லிகிராம் நைட்ரேட். 200 லிட்டர் தொட்டியில் இது நாளைக்கு 0.8 பி.பி.எம். (லிட்டருக்கு 0.8 மில்லிகிராம்), மாதத்துக்கு 24.

மாதம் ஒருமுறை 20 சதவீதம் தண்ணீர் மாற்றினால் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் போகும். வேறு வழியில் எதுவும் குறையாவிட்டால் அளவு ஏறிக்கொண்டே போய் 120 பக்கத்தில்தான் நிற்கும். ஸ்கிம்மர் என்ற கருவிக்கு ஏன் அவ்வளவு விலை கொடுக்கிறோம் என்பது இங்கே புரியும்: எச்சமும் மிச்சமும் அழுகுவதற்கு முன்பே ஒரு பகுதியை நுரையோடு இழுத்துக் கோப்பையில் தள்ளிவிடுகிறது.

அதற்காக மீனைப் பட்டினி போட முடியாது. "நாளைக்கு ஒரு சிட்டிகை போதும் சார்" என்று கடையில் சொல்லி அனுப்புவதில்தான் கோளாறு. யாருடைய சிட்டிகை, எந்த மீனுக்கு? க்ளவுன் மீனுக்கும் டாம்செல் மீனுக்கும் தினம் இரண்டு வேளை, ஒரு நிமிடத்துக்குள் தின்று முடிக்கிற அளவு சரி. டேங் வகை மீன்கள் பாறைப் பாசியைப் பகல் முழுக்கக் கொறிப்பவை. உப்பும் எண்ணெயும் மசாலாவும் சேராத நோரி என்ற காய்ந்த கடற்பாசித் தாளைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டிக் கண்ணாடியில் கிளிப் போட்டு மாட்டுங்கள். மாலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். வளர்ந்த லயன் ஃபிஷ்ஷுக்கு வாரம் இரண்டு, மூன்று முறை போதும். மாண்டரின் மீன் கதை வேறு. அது பாறையில் ஊரும் கோப்பிபாட் என்ற பொடிப் பூச்சிகளை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்னும். பெல்லட்டைப் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. சென்னை கொளத்தூர் மீன் கடை விளக்கில் அதன் நிறத்தைப் பார்த்துவிட்டு, கோப்பிபாட் இன்னும் பெருகாத, இரண்டு மாத வயதுள்ள தொட்டிக்கு வாங்கிவந்தால் அது மெலிந்துதான் சாகும். மெலிவதை வயிற்றில் மட்டும் தேடாதீர்கள். மீனை நேர் எதிரே நின்று பாருங்கள்: கண்ணுக்குப் பின்னால் முதுகுத் தசை குழிந்திருந்தால் வாரக்கணக்கில் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம்.

உறைந்த மைசிஸ் (இறால் போன்ற பொடி உயிரி) கட்டியை அப்படியே போடக் கூடாது. ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீர் எடுத்து, பத்து நிமிடம் கரையவிட்டு, டீ வடிகட்டியில் வடித்துவிட்டுப் போடுங்கள். வடிப்பதால் பாஸ்பேட் பெரிதாகக் குறைந்துவிடாது, அது கொஞ்சம் மிகைப்படுத்தப்பட்ட நம்பிக்கை. ஆனால் தண்ணீர் கலங்காது. சம்ப்பிலிருந்து, அதாவது கீழே உள்ள வடிகட்டும் தொட்டியிலிருந்து, தண்ணீரை மேலே ஏற்றும் பம்ப்பைப் பத்து நிமிடம் நிறுத்தினால் தீனி வழிந்து போகாது. பம்ப்பைத் திரும்பப் போட மறப்பவர்கள் அதிகம், அதனால் போனில் டைமர் வைத்துக்கொள்ளுங்கள். தீனி போட்டதும் ஸ்கிம்மர் நுரை படுத்துவிட்டால் பயப்பட வேண்டாம். தீனியின் எண்ணெய் செய்கிற வேலை அது. கொஞ்ச நேரத்தில் நுரை எழும்பும்.

காசிமேட்டில் வாங்கிய இறால், கணவாய், மட்டியை நோரியோடு அரைத்து, ஜிப் பையில் அப்பளம்போல் தட்டையாக உறையவைத்து உடைத்துப் போடலாம், அருமையான தீனி. கோழியும் மாட்டிறைச்சியும் வேண்டாம்: கடல்மீனுக்குத் தேவையான இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்புகள் அவற்றில் இல்லாத குறைதான். லயன் ஃபிஷ்ஷுக்குத் தினமும் பச்சை நெத்திலியே போட்டுப் பழக்குவதும் தப்பு. நெத்திலி, மத்தி குடும்பத்து மீன்கள் பலவற்றில் தயாமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1ஐச் சிதைக்கும். மாதக்கணக்கில் இதுவே உணவானால் மீன் நிலைதடுமாறி நீந்தும், இரையைக் குறி தவறும். இரையை மாற்றி மாற்றிக் கொடுப்பதே வழி.

சென்னை மே மாதத்தில் இந்தக் கணக்கு எல்லாமே இறுகும். கடல்நீர் 26 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 6.6 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 31 டிகிரியில் சுமார் 6.1. குறைவது அரை மில்லிகிராம்தான், ஆனால் அதே சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது, தின்றதைச் செரிக்க இன்னும் கூடுகிறது. மிச்சத் தீனி அழுகும்போது பாக்டீரியாவும் பங்குக்கு வரும். இரவு பத்து மணிக்கு வயிறு முட்டப் போட்டு, பதினொரு மணிக்குக் கரண்ட் போனால் விடியும்போது மீன்கள் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கும். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத வீட்டில் கோடையில் கடைசி வேளையை மாலை ஆறுக்குள் முடித்துவிடுவது நல்லது. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

திறந்த பெல்லட் டப்பாவை ஜன்னலோரம் வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் கொழுப்பு சிக்கடிக்கும், வைட்டமின் சி முதலில் போகும். சின்ன டப்பாவாக வாங்கி, இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று மாதத்தில் தீர்த்துவிடலாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா? நன்றாகத் தின்று கொழுத்த பெரிய மீன்கள் மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் டப்பாவோடு கொடுக்காதீர்கள்; பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார். கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் அளந்து போட்டுக் கொடுத்துவிட்டு, மிச்ச டப்பாவைப் பூட்டி வையுங்கள்.