‘எனக்கு டிராயிங் வராது’ என்று சொல்லும் பொறியியல் மாணவருக்கும் அவருடைய ஆசிரியருக்கும்

ஒரு பொருளின் முன்தோற்றம், அதாவது நேர் முன்னாலிருந்து பார்த்து வரைந்த படம், சதுரம். மேலிருந்து பார்த்து வரைந்த மேல்தோற்றமும் சதுரம். உள்ளே வேறு கோடு எதுவும் இல்லை. என்ன பொருள் இது?

முதலாண்டு வகுப்பில் இதைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே குரலில் ‘கனசதுரம்’ என்றுதான் பதில் வரும். கனசதுரமாக இருக்கலாம்தான். ஆனால் அதன் முன்பக்க மேல்விளிம்பைச் சாய்வாகச் சீவி ஆப்பு வடிவமாக்கினாலும் இதே இரண்டு சதுரங்கள்தான் கிடைக்கும். சாய்வுக்குப் பதில் வளைவாகச் சீவிக் கால் உருளையாக்கினாலும் அப்படியேதான். பக்கத்தோற்றம் வந்த பிறகே அது சதுரமா, முக்கோணமா, கால்வட்டமா என்று தெரியும். இதை விளக்கியதும் சிலருக்குச் சட்டென்று பிடிபட்டுவிடுகிறது. சிலர் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பதிவு அவர்களைப் பற்றியது.

இவர்கள் படிப்பில் பின்தங்கியவர்கள் அல்லர். கால்குலஸில் நன்றாக மதிப்பெண் வாங்குபவர்களும் இவர்களில் உண்டு. எஞ்சினியரிங் டிராயிங் என்று வந்ததும் பக்கத்தில் இருப்பவரின் ஷீட்டைப் பார்த்து வரைந்து கொடுத்துவிடுவார்கள். கோடுகள் சுத்தமாக இருக்கும், அளவுகள் சரியாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் அந்தக் கோடுகளுக்குப் பின்னால் இருக்கும் பொருள் மனக்கண்ணில் ஒருமுறைகூடத் தோன்றியிருக்காது. கொஞ்ச நாளில் ‘எனக்கு டிராயிங் வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆசிரியர்களும் ‘சிலருக்கு அது பிறவியிலேயே வரும், சிலருக்கு வராது’ என்று ஒத்துக்கொள்கிறோம். அப்படிச் சொல்வது தவறு. இதனால் எத்தனையோ நல்ல மாணவர்கள் இயந்திரவியல், கட்டடவியல் போன்ற துறைகளைக் கண்டு ஒதுங்கிப்போகிறார்கள்.

முதலில், இது ஓவியத் திறமை அல்ல. பிரெஞ்சு கணிதவியலாளர் காஸ்பார் மோஞ்ஜ் 18-ஆம் நூற்றாண்டில் ஒரு பொருளை இப்படித் தனித்தனித் தோற்றங்களாக வரையும் முறையை உருவாக்கியது கோட்டை அமைப்பில் வரும் கணக்குகளைத் தீர்ப்பதற்காக. நீண்ட கூட்டல் பெருக்கல் தேவைப்பட்டதை அவர் கோடு போட்டே முடித்துக் காட்டினார். ராணுவம் அதைப் பல ஆண்டுகள் ரகசியமாகவே வைத்திருந்தது. 1795-இல் பாரிஸில் அவர் பாடம் நடத்திய பிறகுதான் அது பொதுவெளிக்கு வந்தது. அழகாக வரையத் தெரியாதவரும் இதில் தேற முடியும்.

இரண்டாவது, பொருளை மனக்கண்ணில் கண்டு திருப்பிப் பார்ப்பது பழகினால் வளரும் திறன். ஒரு உருவத்தை மனத்துக்குள் எவ்வளவு கோணம் சுழற்ற வேண்டியிருக்கிறதோ, அதற்கேற்ப நேரமும் சீராகக் கூடுகிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் 1971-இல் காட்டினார்கள். அதாவது மூளை அந்த உருவத்தை உண்மையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்க்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் ஆசிரியர் ஷெரில் சோர்பி 1993 முதல் இதற்கென்றே தனிப் பாடம் நடத்தினார். உருவங்களை மனத்துக்குள் சுழற்றிப் பார்த்து விடை சொல்லும் சுழற்சித் தேர்வு ஒன்றை வைத்து, பின்தங்கியிருந்த முதலாண்டு மாணவர்களை அடையாளம் கண்டு பயிற்சி கொடுத்ததில் அவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். 2013-இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு 217 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பயிற்சியால் இத்திறன் கூடும் என்றும் அந்தப் பலன் நிலைக்கும் என்றும் சொன்னது. இத்தேர்வுகளில் பெண்களின் சராசரி மதிப்பெண் குறைவாக இருப்பது உண்மை. ஆனால் பயிற்சி அவர்களையும் உயர்த்துகிறது. அதனால் அந்தச் சராசரியைக் காட்டி ஒரு பெண்ணிடம் ‘இந்தத் துறை உனக்கு வேண்டாம்’ என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

சரி, எப்படிப் பழக்குவது? பொருளைக் கையில் கொடுப்பதில் தொடங்க வேண்டும். சோப்புக் கட்டி ஒன்று போதும். அதன் ஒரு மூலையை ஒரே சாய்ந்த வெட்டில் சீவி எடுக்கச் சொல்லுங்கள். அங்கே ஒரு முக்கோண முகம் உருவாகும். அதன் மூன்று முனைகளிலும் பேனாவால் 1, 2, 3 என்று எழுதிவிட்டு மூன்று தோற்றங்களையும் வரையச் சொல்லுங்கள். தடுமாறும் மாணவர் ஏதாவது ஒரு தோற்றத்தில் அந்த முகத்தை வெறும் கோடாகப் போட்டுவிடுவார். அப்போது விடையைச் சொல்லிவிடக் கூடாது. ‘1 எங்கே இருக்கிறது? 2 எங்கே?’ என்று ஒவ்வொரு புள்ளியாகக் கேட்டு, மூன்றையும் அவரே இணைக்கும்படி செய்ய வேண்டும். மூன்று தோற்றங்களிலும் முக்கோணமே வரும். ஆனால் எதுவும் அதன் உண்மையான வடிவம் அல்ல என்பதையும் கட்டியைத் திருப்பிப் பார்த்தே அவர் கண்டுகொள்வார். அப்புறம் ஒரு விளிம்பை மட்டும் நீளவாக்கில் சாய்வாகச் சீவச் சொன்னால், அந்த முகம் ஒரு தோற்றத்தில் கோடாகவும் மற்ற இரண்டில் பரப்பாகவும் வருவது தெரியும். இந்த இரண்டு வெட்டுகளையும் புரிந்துகொண்டவருக்குப் பாடப்புத்தகக் கணக்குகளில் பாதி பயம் போய்விடும்.

கோட்டைப் படிக்கவும் சொல்லித்தர வேண்டும். தோற்றத்தில் ஒரு கோடு வந்தால் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: இரண்டு முகங்கள் சந்திக்கும் விளிம்பு, பக்கவாட்டில் தெரியும் ஒரு முகம், வளைந்த பரப்பின் எல்லை. ஒவ்வொரு கோட்டின் மேலும் விரலை வைத்து ‘இது எது?’ என்று கேட்டுப் பாருங்கள். தோற்றங்களைத் தாளில் அடுக்கும் இரண்டு முறைகளான ஃபர்ஸ்ட் ஆங்கிள், தேர்டு ஆங்கிள் குழப்பத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. முந்தையதில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும், பிந்தையதில் மேலே வரும். எந்த முறை என்று காட்டும் குறியீட்டை வரைபடத்தில் பார்த்துவிட்டுப் படிக்கும் பழக்கம் வந்தால் போதும்.

‘இப்போதுதான் ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் என்று வரைகலை மென்பொருள்கள் எல்லாம் இருக்கிறதே, கையால் வரைவது எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. மவுஸை அசைத்தால் மென்பொருளே பொருளைச் சுழற்றிக் காட்டிவிடும். மனம் செய்ய வேண்டிய வேலையைத் திரை செய்துவிடுகிறது. நான் மென்பொருளுக்கு எதிரி அல்ல. வரிசைதான் முக்கியம். ஒரு கனசதுரத்தை அதன் ஒரு மூலையிலிருந்து மையம் வழியாக நேர் எதிர் மூலைக்குப் போகும் கோட்டுக்குச் செங்குத்தாக, நடுவில் வெட்டினால் என்ன வடிவம் கிடைக்கும் என்று கேளுங்கள். முதலில் கையால் வரையட்டும். அதன் பிறகு திரையில் செக்ஷன் (வெட்டுத் தோற்றம்) போட்டுப் பார்க்கட்டும். முக்கோணம் என்றும் சதுரம் என்றும் வரைந்தவர்கள் முன்னால் ஒழுங்கான அறுகோணம் வந்து நிற்கும். அது எப்படி வந்தது என்று அவர்களே விவாதிக்கத் தொடங்குவார்கள். அந்த விவாதத்துக்கு நேரம் விட வேண்டும்.

தேர்வு முறையும் மாற வேண்டும். பழகிய கணக்கைத் திரும்ப வரையச் சொன்னால் மனப்பாடம்தான் வளரும். இரண்டு தோற்றங்களைக் கொடுத்து மூன்றாவதைக் கேட்கலாம். ஒரே தோற்றத்துக்குப் பொருந்தும் வெவ்வேறு பொருள்களை வரையச் சொல்லலாம். ஸ்கேல் இல்லாமல் கையால் போட்ட ஸ்கெட்சுக்கும் மதிப்பெண் தர வேண்டும். முதல் வாரத்திலேயே ஒரு சிறு சுழற்சித் தேர்வு வைத்துவிட்டால், யாருக்குக் கூடுதல் பயிற்சி தேவை என்பது பருவத் தேர்வு வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். அவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கையில் கட்டைகளையும் முப்பரிமாணப் படம் வரைய உதவும் ஐசோமெட்ரிக் புள்ளித் தாளையும் கொடுத்தால் போதும். இதைத் தொடங்கப் பெரிய ஆய்வகம் எதுவும் தேவையில்லை.