பாடத்தளம் அமைக்கிறீர்களா? கோப்புகளைக் கடைசியில் ஏற்றுங்கள்

கல்லூரி ஆசிரியர்களுக்கு இணையத்தில் பாடத்தளம் அமைத்துக்கொடுப்பது என் வேலை. பருவம் தொடங்கும்போது பெரும்பாலானோர் முதலில் செய்வது, கையில் இருக்கும் பிடிஎஃப், பிபிடி எல்லாவற்றையும் ஏற்றிவிடுவதுதான். பக்கம் நிறைந்ததும் வேலை முடிந்துவிட்டது போல் தோன்றும். கெடு தேதியும் மதிப்பெண் கணக்கும் “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று நின்றுவிடும். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள் என்பேன். கோப்பு இல்லையென்றால் மாணவர் கேட்டு வாங்கிக்கொள்வார். கெடுவோ மதிப்பெண்ணோ தப்பாக இருந்தால் அது அவருக்குத் தெரிவதே மார்க் போன பிறகுதான்.

பாடத்தளம் நடத்துவதற்கென்றே 2002 முதல் புழக்கத்தில் இருக்கும் திறமூல மென்பொருளான மூடிலையே எடுத்துக்கொள்வோம். அதில் புது அசைன்மென்ட் உருவாக்கினால் கெடு நேரம் பொதுவாக 00:00 என்றே வந்து நிற்கும். 15ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்து அப்படியே சேமித்தால், 14ஆம் தேதி இரவு பன்னிரண்டு மணியோடு கெடு முடிந்தது. மாணவர்களோ 15 முழுக்க நேரம் இருக்கிறது என்றே கணக்குப் போடுவார்கள். 23:59 என்று மாற்ற ஒரு நொடி போதும்.

அதே பக்கத்தில் ‘டியூ டேட்’, ‘கட்-ஆஃப் டேட்’ என்று இரண்டு இருக்கும். முதலாவது தாண்டினால் தாமதம் என்று குறித்துக்கொண்டு தளம் வாங்கிக்கொள்ளும். இரண்டாவது தாண்டினால்தான் வாங்காது. தாமதமாக வந்ததை ஏற்பீர்களா, எத்தனை நாள் வரை என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு இந்த இரண்டையும் நிரப்புங்கள். ‘சப்மிட்’ பொத்தானை மாணவர் தனியாக அழுத்த வேண்டும் என்ற அமைப்பை இயக்கினால், கோப்பை ஏற்றியதோடு விட்டவரின் வேலை டிராஃப்டாகவே கிடக்கும். அவர் கொடுத்துவிட்டேன் என்பார், உங்களுக்கு வந்திருக்காது. அப்படி ஒரு மாணவி திரையைக் காட்டி அழுததைப் பார்த்திருக்கிறேன். கோப்பு அங்கேதான் இருந்தது.

அதைவிட நான் கவலைப்படுவது கிரேடுபுக்கை, அதாவது தளத்தின் மதிப்பெண் பதிவேட்டைப் பற்றித்தான். மதிப்பெண் போடாத கட்டங்களைக் கூட்டலில் சேர்க்காமல் விடுவதே மூடிலின் இயல்பு வழக்கம். முதல் தேர்வில் 20க்கு 18 வாங்கிய மாணவர், அடுத்த 20 மதிப்பெண் அசைன்மென்டைக் கொடுக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கே பூஜ்யம் போடும் வரை அவருக்கு 90 சதவீதம் என்றே தெரியும். பருவக் கடைசியில் பூஜ்யங்களை மொத்தமாக நிரப்பும் அன்று அது ஒரே இரவில் 45 ஆகிவிடும். கொடுக்காதவருக்குக் கெடு முடிந்ததுமே பூஜ்யம் போட்டுவிடுங்கள். விழித்துக்கொள்ள அவருக்கு அப்போதுதான் நேரம் மிஞ்சும். எந்தத் தேர்வுக்கு எத்தனை சதவீதம் என்பது பாடத்திட்டத்தில் உள்ளபடியே கிரேடுபுக்கிலும் இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே ஒத்துப்பாருங்கள்.

போன வருடத் தளத்தை நகலெடுப்பவர்கள் பழைய மாணவர்களின் தரவைச் சேர்க்காமல் எடுக்க வேண்டும். அவர்கள் எழுதிக் கொடுத்தது புது வகுப்பில் தெரியக் கூடாது. அமைப்புகளில் உள்ள தேதிகளைப் பாடத்தின் தொடக்கத் தேதியை வைத்து நகர்த்திக்கொள்ளலாம். ஆனால் விளக்கத்துக்குள் “வரும் 12ஆம் தேதிக்குள்” என்று தட்டச்சு செய்திருந்தால் அது நகராது. கெடுவை அதற்குரிய கட்டத்தில் மட்டும் எழுதுங்கள், வேறெங்கும் வேண்டாம்.

கோப்புகளைப் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள். ஸ்கேன் செய்த பக்கங்களை, எழுத்துகளை அடையாளம் காணும் மென்பொருளில் (ஓசிஆர்) போடாமல் ஏற்றினால் அது வெறும் படம்தான். பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் அதில் ஒரு வரியைக்கூடப் படிக்காது.

எல்லாம் முடிந்ததும் ‘மாணவராக மாறிப் பார்’ வசதியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அதில் மாணவர் பார்க்கும் எல்லாமும் தெரியாது. தள நிர்வாகியிடம் ஒரு சோதனை மாணவர் கணக்கு கேட்டு வாங்கி, கைபேசியில் நுழையுங்கள். ஒரு அசைன்மென்ட் கொடுங்கள், உங்கள் கணக்கிலிருந்து மதிப்பெண் போடுங்கள், அது அங்கே எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். ஒரு க்விஸும் எழுதிப் பாருங்கள். முடித்த உடனே சரியான விடைகள் வரிசையாகத் தெரிந்தால், ‘ரிவ்யூ ஆப்ஷன்ஸ்’ பகுதிக்குப் போய், க்விஸ் மூடிய பிறகு மட்டும் என்று மாற்றுங்கள். இல்லையென்றால் காலையில் எழுதியவரின் ஸ்கிரீன்ஷாட் மாலையில் எழுதுபவர் கையில் இருக்கும்.