ஐரோப்பாவின் விண்வெளிப் பணம்: யார் போடுகிறார்கள், யாருக்குத் திரும்புகிறது?

2024 டிசம்பர் 5 அன்று மாலை 4 மணி தாண்டியதும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி59 கிளம்பியது. அதில் போனது நம் செயற்கைக்கோள் இல்லை. புரோபா-3 என்ற ஐரோப்பிய இரட்டைக் கலம். ஒன்று சூரியனை மறைத்துக்கொண்டு நிற்கும். இன்னொன்று சுமார் 150 மீட்டர் தள்ளி அந்த நிழலில் நின்றபடி சூரியனின் ஒளிவட்டத்தைப் படம் பிடிக்கும். அதே நாள், தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் குரூ ஏவுதளத்திலிருந்து வேகா-சி ராக்கெட் சென்டினல்-1சி என்ற ரேடார் செயற்கைக்கோளை ஏற்றிக்கொண்டு போனது.

இரண்டும் ஐரோப்பாவுடையவைதான். ஆனால் பணம் வந்த வழி வேறு வேறு. புரோபா-3க்கு விருப்பப்பட்ட சில நாடுகள் பணம் போட்டன. ஸ்பெயினும் பெல்ஜியமும் முன்னால் நின்றன. சென்டினலோ ஐரோப்பிய ஒன்றியத்தின் புவி கண்காணிப்புத் திட்டமான கோப்பர்நிகஸைச் சேர்ந்தது. ஐரோப்பாவுக்கு விண்வெளியில் பைகள் இரண்டு, விதிகளும் இரண்டு: ஒன்று ஐரோப்பிய விண்வெளி முகமையுடையது, மற்றது ஐரோப்பிய ஒன்றியத்துடையது. இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஐரோப்பிய விண்வெளி முகமை ஐரோப்பிய ஒன்றியத்தின் துறை அல்ல. 1975 மே 30 அன்று கையெழுத்துக்கு வைக்கப்பட்ட தனி ஒப்பந்தத்தில் பிறந்தது; தலைமையகம் பாரிஸ். இப்போது 23 உறுப்பு நாடுகள். கடைசியாக 2025 ஜனவரியில் வந்தது ஸ்லோவேனியா. பிரிட்டன், சுவிட்சர்லாந்து, நார்வே மூன்றும் ஒன்றியத்தில் இல்லை, ஆனால் முகமையில் இருக்கின்றன. ஒன்றியத்தில் இருந்தும் முகமையில் முழு உறுப்பினராகாத நாடுகள் 7. ஐரோப்பாவிலேயே இல்லாத கனடாகூட 1979 முதல் கூட்டாளி. அதனால்தான் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியபோது முகமையில் அதன் நாற்காலி அப்படியே இருந்தது. போனது ஒன்றியத்தின் சொத்தான கலிலியோ என்ற வழிகாட்டும் செயற்கைக்கோள் அமைப்பின் பாதுகாக்கப்பட்ட சேவை. கோப்பர்நிகஸுக்கு மட்டும் பிரிட்டன் பணம் கட்டி 2024இல் திரும்ப வந்து சேர்ந்துகொண்டது.

முகமை எதற்கு வந்தது என்பதற்கு ஒரு பழைய தோல்விக்கதை உண்டு. 1960களில் 'யூரோப்பா' என்று ஒரு ராக்கெட் செய்தார்கள். முதல் அடுக்கு பிரிட்டன், இரண்டாவது பிரான்ஸ், மூன்றாவது ஜெர்மனி. ஆளுக்கொரு அடுக்கைத் தங்கள் ஊரில் செய்துவந்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார்கள். மொத்தத்துக்கும் பொறுப்பான ஒரு கை இல்லை. கடைசிவரை அது ஒரு செயற்கைக்கோளைக்கூடச் சுற்றுப்பாதையில் சேர்க்கவில்லை. அடுத்த முயற்சியான ஆரியன் ராக்கெட்டுக்குப் பிரான்ஸ் தலைமை ஏற்றது. 1979 டிசம்பர் 24 அன்று பறந்தது. அதன் மூன்றாவது பயணத்தில், 1981 ஜூனில் போனதுதான் நம் ஆப்பிள் செயற்கைக்கோள். ஆம், மாட்டு வண்டியில் ஏற்றிய அந்தப் புகைப்படத்தில் இருப்பதேதான். அந்த ஆரியனின் வைக்கிங் எஞ்சின் தொழில்நுட்பத்திலிருந்து வந்ததுதான் மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் நம் விகாஸ் எஞ்சின். பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கில் இருப்பதும் அதுவே. ஆக, புரோபா-3 ஒருவகையில் சொந்தக்காரர் வண்டியில்தான் ஏறிப் போயிருக்கிறது.

சரி, பணத்துக்கு வருவோம். ஊர்த் திருவிழாக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இந்த முகமை சுலபம். தலைக்கட்டு வரி எல்லா வீட்டுக்கும் உண்டு. மண்டகப்படி, விருப்பமுள்ளவர்கள் ஏற்பது. முகமையிலும் அப்படித்தான். அறிவியல் திட்டங்களுக்கும் அடிப்படைச் செலவுக்கும் எல்லா நாடும் கட்டாயம் கட்ட வேண்டும். ஊர் வரி தலைக்கு ஒரே தொகை; இங்கே அவரவர் தேசிய வருமானத்துக்கு ஏற்றபடி. இருண்ட பொருளைத் தேடும் யூக்ளிட் தொலைநோக்கி, வியாழனுக்குப் போய்க்கொண்டிருக்கும் ஜூஸ் விண்கலம் எல்லாம் இந்தப் பணம். ராக்கெட், தொலைத்தொடர்பு, புவி கண்காணிப்பு, நிலவுப் பயணம் போன்றவை மண்டகப்படி. வேண்டியவர் வேண்டிய அளவு போடலாம், போடாமலும் இருக்கலாம். மன்றத்தில் நாட்டுக்கு ஒரு வாக்கு. ஜெர்மனிக்கும் ஒன்று, லக்சம்பர்க்குக்கும் ஒன்று. ஆனால் விருப்பத் திட்டத்தில் பணம் போட்டவருக்குத்தான் பேச்சு.

யார் எவ்வளவு என்பதை ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அமைச்சர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். 2022 நவம்பரில் பாரிஸில் சேர்ந்தது சுமார் 1,690 கோடி யூரோ. 2025 நவம்பரில் ஜெர்மனியின் பிரெமனில் அது சுமார் 2,210 கோடியாக ஏறியது. முகமையின் தலைமை இயக்குநர் யோசஃப் ஆஷ்பாகர் கேட்டதற்கு மிக அருகில் கிடைத்துவிட்டது. இந்த மாதிரிக் கூட்டங்களில் அப்படி நடப்பது அபூர்வம். ஜெர்மனி மட்டுமே 500 கோடிக்கு மேல். இவ்வளவும் மூன்று ஆண்டுக்கு என்பதை மறக்க வேண்டாம். நாசாவுக்கு ஓர் ஆண்டுக்கே ஏறக்குறைய 2,500 கோடி டாலர் வருகிறது.

ஐரோப்பிய அரசுகள் இவ்வளவு தாராளமாகக் கையை நீட்டுவதற்கு விண்வெளி ஆசை மட்டும் காரணம் இல்லை. முகமையில் ஒரு விதி இருக்கிறது: ஒரு நாடு போட்ட பணம், நிர்வாகச் செலவு போக, ஒப்பந்தங்களாக அந்த நாட்டு நிறுவனங்களுக்கே ஏறக்குறைய அதே விகிதத்தில் திரும்ப வேண்டும். 'புவிவழித் திரும்பல்' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள். கிடைத்த ஒப்பந்தப் பங்கைக் கட்டிய பணத்தின் பங்கால் வகுத்தால் 1 வர வேண்டும். ஒரு நாட்டின் எண் குறைந்துகொண்டே போனால், அதற்கு வேலை தேடிக் கொடுப்பது முகமையின் தலைவலி. எந்த வீடு எவ்வளவு வரி கட்டியது என்று பார்த்து, அந்த வீட்டுப் பந்தல்காரருக்கு அதே அளவு வேலை கொடுப்பது போல.

ஆரியன் 6 ராக்கெட்டைப் பார்த்தால் இந்த விதி கண்ணுக்கே தெரியும். கீழ் அடுக்கு பாரிஸுக்கு அருகே லே முரோவில் தயாராகிறது. மேல் அடுக்கு பிரெமனில். பக்கவாட்டு பூஸ்டர்களின் உறை இத்தாலியின் கொல்லெஃபெர்ரோவில். தலையில் கவிழ்க்கும் கூம்பு சுவிட்சர்லாந்தில். இவற்றைத் துறைமுகம் துறைமுகமாகப் பொறுக்கிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடக்க கனோப்பே என்று தனிக் கப்பல் ஒன்று கட்டினார்கள். நான்கு பெரிய பாய்கள் விரித்த பாய்மரக் கப்பல்! டீசல் மிச்சம் என்பார்கள். எனக்கென்னவோ, ஐரோப்பிய ஒத்துழைப்புக்கு இதைவிடப் பொருத்தமான வாகனம் தோன்றவில்லை: அழகாக இருக்கும், போய்ச் சேரும், நேரம் எடுக்கும்.

நேரம் எடுத்ததில்தான் சிக்கல் வந்தது. ஆரியன் 6க்கு 2014இல் ஒப்புதல் கிடைத்தது. 2020இல் பறக்க வேண்டியது, 2024 ஜூலை 9 அன்றுதான் பறந்தது. அதற்கு ஓராண்டு முன்பே ஆரியன் 5 ஓய்வு பெற்றுவிட்டது. குரூவிலிருந்து பறந்துகொண்டிருந்த ரஷ்யாவின் சோயூஸ், உக்ரைன் போருக்குப் பின் 2022இல் நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் வேகா-சி தோற்றது. பெரிய சரக்கை அனுப்ப ஐரோப்பாவின் கையில் சொந்த ராக்கெட்டே இல்லாத நிலை. யூக்ளிட்டும் ஒன்றியத்தின் நான்கு கலிலியோ செயற்கைக்கோள்களும் அமெரிக்க நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட்டில் போயின. பிரெமனில் பணம் பெருகியதற்கு இந்தச் சங்கடமும் போரும் பெரிய காரணங்கள்.

அதனால் விதியைக் கொஞ்சம் தளர்த்தப் பார்க்கிறார்கள். 2023 நவம்பரில் செவில் நகரில் ஒரு பேரம் முடிந்தது: ஆரியன் 6க்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 34 கோடி யூரோ மானியம், பதிலுக்குச் சிறிய ராக்கெட் நிறுவனங்களுக்குப் போட்டி. இனி முகமை ராக்கெட்டை வடிவமைக்காது, சேவையை விலைக்கு வாங்கும். 2025 ஜூலையில் ஐந்து நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றுக்கு அதிகபட்சம் 16.9 கோடி யூரோ. ஆனால் அந்தப் பணத்தையும் அந்தந்த நிறுவனத்துக்காக அதன் சொந்த நாடு வந்துதான் போட வேண்டியிருந்தது. வாசலில் அனுப்பிவைத்த விதி கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டது. அதை முழுக்கத் தூக்கிவிடலாம் என்பவர்களிடம் ஒரு கேள்வி: வேலை உள்ளூருக்கு வராது என்றால் எந்த நிதியமைச்சர் கையெழுத்துப் போடுவார்? விலை ஏறுவதற்கும் இந்த விதிதான் காரணம், பணம் வருவதற்கும் இதுதான்.

ஒன்றியத்தின் பையில் இந்தத் தொல்லை இல்லை. 2021 முதல் 2027 வரை 1,488 கோடி யூரோ, திறந்த டெண்டர், நாட்டுக்கு இவ்வளவு என்ற ஒதுக்கீடு கிடையாது. சொத்து ஒன்றியத்துடையது, செய்து வாங்கித் தருவது பெரும்பாலும் முகமை. கலிலியோ போன்ற சேவைகளை நடத்துவதற்குப் பிராகில் தனி அமைப்பு. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையத்துக்கு மாற்றாகப் பேசப்படும் ஐரிஸ் ஸ்கொயர் இந்தப் பையிலிருந்து வரும் பெரிய செலவு: சுமார் 290 செயற்கைக்கோள்கள், 2024 டிசம்பரில் 12 ஆண்டு ஒப்பந்தம், மொத்தம் 1,060 கோடி யூரோ. அதில் 400 கோடிக்குமேல் தனியார் பணம்.

இதில் சாதாரண ஆளுக்கு என்ன கிடைக்கும்? முகமையின் வேலைகளுக்கும் பயிற்சியிடங்களுக்கும் உறுப்பு நாட்டின் அல்லது கனடா போன்ற கூட்டாளி நாட்டின் குடியுரிமைதான் பார்ப்பார்கள். ஆகவே சூரிச்சிலோ ஒஸ்லோவிலோ லண்டனிலோ அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு படித்துக்கொண்டிருக்கும் தமிழ்ப் பிள்ளைகள், தங்கள் நாடு ஒன்றியத்தில் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம், தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஒன்றிய அமைப்புகளின் வேலைகளுக்கு விதி வேறு, அறிவிப்பைப் படித்துக்கொள்ளுங்கள்.

கோப்பர்நிகஸ் படங்களுக்குக் குடியுரிமையே வேண்டாம், காசும் வேண்டாம். சென்டினல்-1இன் ரேடார் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும் என்பதால், மழைக்காலத்தில் நெல் எங்கே எவ்வளவு நட்டிருக்கிறது என்று கணக்கிடத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பயன்படுத்தியிருக்கிறது. பயிர்க் காப்பீட்டு வேலைக்கும் அது போயிருக்கிறது. நீங்கள் பார்க்க விரும்பினால், சாதாரண ஒளியில் படம் எடுக்கும் சென்டினல்-2இல் தொடங்குங்கள். கோப்பர்நிகஸ் பிரவுசர் என்ற இணையதளத்தைத் திறந்து மேட்டூரைத் தேடி, மேகமில்லாத ஒரு ஜனவரி நாளையும் ஒரு மே நாளையும் மாற்றி மாற்றி வையுங்கள். ஒரு புள்ளி 10 மீட்டர். தண்ணீர் இறங்கிய ஆண்டென்றால் கரையோரத்தில் பழுப்புப் பட்டை விரிவது தெரியும்.