விக்கெட்டுக்கு என்ன விலை?

2019 ஜூலை 11 அன்று எட்ஜ்பாஸ்டனில் உலகக் கோப்பை அரையிறுதி நடந்தது. ஆஸ்திரேலியா எடுத்த 223 ரன்னை இங்கிலாந்து துரத்தியது. தொடக்க ஆட்டக்காரர் ஜேசன் ராய் 65 பந்தில் 85 ரன் விளாசினார். 33-ஆவது ஓவரிலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. சரியாக மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 1-ஆம் தேதி, அதே மைதானத்தில் அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆஷஸ் முதல் டெஸ்ட் தொடங்கியது. ராய்தான் தொடக்க ஆட்டக்காரர். அரையிறுதியில் அவருக்குப் பந்து வீசிய பாட் கம்மின்ஸும் நேதன் லயனும் இங்கேயும் இருந்தார்கள். முதல் இன்னிங்ஸில் 10 ரன், விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்லிப்பில் கேட்ச். இரண்டாவதில் 28. அந்தத் தொடரில் நான்கு டெஸ்டில் அவர் எடுத்தது மொத்தம் 110 ரன். அதற்குப் பிறகு அவர் டெஸ்ட் ஆடவே இல்லை.

மூன்று வாரத்தில் ஒருவருக்கு பேட்டிங் மறந்துபோகாது. அப்படியென்றால் மாறியது என்ன?

பந்து மாறியது, ஃபீல்டிங் மாறியது, ஆட்ட நேரம் மாறியது என்று சொல்லலாம். எல்லாமே உண்மைதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. தேர்வுக்குழுவினர் பேசுவதில் பெரும்பகுதி, தெரிந்தோ தெரியாமலோ, அந்தக் கணக்கைச் சுற்றித்தான் நடக்கிறது.

ஓர் அணியிடம் இரண்டு கையிருப்புகள் உண்டு: பந்துகள், விக்கெட்டுகள். டி20-யில் 120 பந்து, 10 விக்கெட். ஒரு விக்கெட்டுக்கு 12 பந்து. ஒருநாள் ஆட்டத்தில் 300 பந்து, ஒரு விக்கெட்டுக்கு 30. டெஸ்டில் ஓர் இன்னிங்ஸுக்குப் பந்து வரம்பே கிடையாது. ஒரு நாளைக்கு 90 ஓவர் என்று ஐந்து நாள் ஓடுகிறது. மழை வந்தால் இலக்கைத் திருத்தித் தரும் டக்வொர்த்–லூயிஸ் முறையும் இந்த இரண்டு கையிருப்புகளை வைத்தே கணக்குப் போடுகிறது. 1997-இல் முதன்முதலாகப் பயன்பட்ட அந்த முறையின்படி, கையில் பத்து விக்கெட்டும் இருந்து 20 ஓவர் மட்டும் மிச்சமிருக்கும் அணியிடம், 50 ஓவருக்கான வளத்தில் பாதிக்கும் மேல் இருக்கிறது. ஓவர் 40 விழுக்காடுதான், வளம் பாதிக்கும் மேல். பந்து குறையும்போது விக்கெட் மலிவாகிறது என்பதைத்தான் அந்த அட்டவணை எண்ணாக எழுதி வைத்திருக்கிறது.

இரண்டு கற்பனை அணிகளை எடுத்துக்கொள்வோம். முதல் அணியில் ஒவ்வொரு பேட்ஸ்மேனின் சராசரியும் (ஒருமுறை அவுட் ஆவதற்குள் எடுக்கும் ரன்) 40, ஸ்ட்ரைக் ரேட் (100 பந்துக்கு எடுக்கும் ரன்) 120. இரண்டாவது அணியில் சராசரி வெறும் 18, ஸ்ட்ரைக் ரேட் 150. யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள்? பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் முதல் அணியைச் சொல்வார்கள். சராசரி இரு மடங்குக்கும் மேல் ஆயிற்றே.

டி20-யில் விட்டுப் பார்ப்போம். முதல் அணி 120 பந்தில் 144 ரன் எடுக்கும். சராசரியாக ஒருவர் 33 பந்து நிற்பதால் நான்கு விக்கெட்கூட முழுசாக விழாது. மீதி ஆறு பேர் கால்காப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்துவிட்டு அவிழ்க்க வேண்டியதுதான். இரண்டாவது அணியில் ஒருவர் 12 பந்துதான் நிற்பார். பத்துப் பேரும் சேர்ந்து 120 பந்தையும் ஓட்டிவிடுவார்கள், 180 ரன் வரும். 36 ரன் வித்தியாசத்தில் "மோசமான" அணி ஜெயிக்கிறது. இதே இரண்டு அணிகளும் டெஸ்ட் இன்னிங்ஸ் ஆடினால்? முதல் அணி 400 எடுக்கும், இரண்டாவது அணி 20 ஓவரில் 180-க்கு ஆல் அவுட். ஒருநாள் ஆட்டத்தில் முதல் அணி 360, இரண்டாவது அணி 180.

நிஜ அணியில் கடைசி மூன்று நான்கு பேர் பந்துவீச்சாளர்கள். விக்கெட்டுகளும் சமச்சீராக விழுவதில்லை. ஆகவே உண்மையான எண்கள் இவ்வளவு கச்சிதமாக வராது. ஆனால் திசை இதுதான். டி20-யில் ஒருவர் 30 பந்தில் 30 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றால் அவருடைய சராசரி உயரும், அணி தோற்கும். ஸ்கோர் அட்டையில் அவர் பெயருக்கு நேரே தவறு எதுவும் தெரியாது. டெஸ்டில் 60 பந்து நின்று 12 ரன் எடுப்பவரின் கதை நேர்மாறு. அவர் எடுத்த ரன் அட்டையில் சிறியதாகத் தெரியும். அவர் பந்தைப் பழசாக்கியது எங்கேயும் பதிவாகாது.

ஒருவரை "நல்ல பேட்ஸ்மேன்" என்று மொட்டையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் இதுதான். எத்தனை பந்துக்கு ஒருமுறை அவுட் ஆகிறார், அந்த ஆட்டத்தில் ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து தேவை என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும்.

சரி, கணக்கு இருக்கட்டும். களத்தில், அந்த 22 கஜத்தில், என்ன நடக்கிறது?

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பேட்ஸ்மேனை அடைய ஏறத்தாழ அரை வினாடிதான் ஆகும். மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பேட்ஸ்மேன்களின் கண்ணசைவைப் பதிவு செய்து 2000-இல் வெளியிட்டார்கள். பேட்ஸ்மேன் பந்தைக் கடைசி வரை விடாமல் பார்ப்பதில்லை. கையிலிருந்து பந்து கிளம்புவதைப் பார்க்கிறார். அப்புறம் அவர் கண், பந்து எங்கே குத்தும் என்று மூளை ஊகித்த இடத்துக்கு முன்கூட்டியே தாவி, அங்கே போய்க் காத்திருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரரின் கண் சீக்கிரமாகத் தாவுகிறது.

இப்போது பந்து அவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் குத்துகிறது என்று வைத்துக்கொள்வோம், நல்ல லெங்த் (பந்து குத்தும் தூரம்). குத்திய இடத்திலிருந்து மட்டைக்கு வர அதற்கு வினாடியில் ஏழில் ஒரு பங்குதான் தேவை. மனிதன் ஒன்றைக் கண்டு உடம்பைத் திருத்திக்கொள்ள வினாடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். ஆக, குத்திய பிறகு பந்து செய்யும் எதற்கும் பேட்ஸ்மேனிடம் முழுமையான பதில் கிடையாது. தையலில் பட்டு ஒரு டிகிரி, ஒரே ஒரு டிகிரி, வெளியே திரும்பினால் ஐந்து மீட்டரில் அது கிட்டத்தட்ட 9 செ.மீ. விலகிவிடும். மட்டையின் அகலம் விதிப்படி 10.8 செ.மீ. வரைதான், அதில் பாதி 5.4. பந்தின் ஆரம் சுமார் 3.6. கூட்டினால் 9. அதாவது மட்டையின் நட்ட நடுவில் வாங்க ஆசைப்பட்ட பந்து, ஒரு டிகிரியில் வெளி விளிம்பை உரசிக்கொண்டு போகும். அரை டிகிரி என்றால் மட்டையிலேயே பட்டிருக்கும். இரண்டு டிகிரி என்றால் மட்டையைத் தொடாமலே போய்விடும், "பீட்டன்", பந்துவீச்சாளர் தலையில் கை வைப்பார்.

அந்த உரசல்தான் இந்தக் கட்டுரையின் மையம். டெஸ்டில் புதுப் பந்தோடு மூன்று ஸ்லிப் நிற்கும். அந்த உரசல் அவுட். டி20-யில் நான்காவது ஓவருக்குப் பிறகு பெரும்பாலும் ஸ்லிப்பே இருக்காது. அதே உரசல் தேர்டு மேன் பக்கம் நான்கு ரன். தவறு ஒன்றுதான், தண்டனைதான் வேறு. தண்டனை இல்லாத இடத்தில் ஆயிரக்கணக்கான பந்துகள் ஆடிப் பழகிய கை, உடம்பிலிருந்து தள்ளி, இறுக்கமான பிடியோடு பந்தை நோக்கி நீளக் கற்றுக்கொள்கிறது. அந்த ஆட்டத்துக்கு அது சரியான பாடமும்கூட. ஆனால் அதே கை டெஸ்டுக்கு வரும்போது விளிம்பில் பட்ட பந்து ஸ்லிப் கையில் போய் உட்காருகிறது. டெஸ்டுக்கென்று வளர்ந்த பேட்ஸ்மேன் மட்டையைத் தளர்வாகப் பிடித்து, கண்ணுக்கு நேர்கீழே பந்து வரும் வரை காத்திருந்து ஆடுவார். விளிம்பில் பட்டாலும் பந்து ஸ்லிப்புக்கு முன்னால் தரையில் விழுந்துவிடும்.

அதைவிடப் பெரிய திறமை, பந்தைத் தொடாமல் விடுவது. ஆஃப் ஸ்டம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்து, ஒரு சாண் வெளியே போகும் பந்தை மட்டையை உயர்த்தி வழியனுப்புவதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. டெஸ்டில் அப்படி விட்ட பந்துக்குச் செலவு எதுவும் இல்லை. டி20-யில் ஓவருக்கு எட்டு ரன் தேவைப்படும்போது ரன் வராத ஒவ்வொரு டாட் பாலும் ஒன்றே கால் ரன்னுக்கும் மேல் கடன் வைத்துவிட்டுப் போகிறது. ராய்க்கு நடந்ததை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உலகக் கோப்பையில் அவர் சந்தித்தது வெள்ளை கூக்கபுரா பந்து, அது சில ஓவர்களே ஸ்விங் ஆகும். ஆஷஸில் சந்தித்தது சிவப்பு டியூக்ஸ் பந்து. கையால் தைத்த தையல் புடைத்து நிற்கும், வெகுநேரம் அசைந்துகொண்டே இருக்கும். அந்தப் பந்துக்கு முன்னால் முதல் ஆளாக அவரை நிறுத்தியது அவர் குற்றமில்லை என்று நான் நினைக்கிறேன்.

இதே கதை வேறு பலருக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் பெவன் ஒருநாள் ஆட்டத்தில் 53.58 சராசரி வைத்திருந்தார்; 196 இன்னிங்ஸில் 67 முறை அவுட் ஆகவில்லை. டெஸ்டில் 29.07தான். இடைவெளி பார்த்துத் தட்டி ஓடுவதிலும், எத்தனை பந்துக்கு எத்தனை ரன் வேண்டும் என்பதைத் தலைக்குள் ஓடவிட்டுக்கொண்டே ஆடுவதிலும் அவரை மிஞ்ச ஆளில்லை. டெஸ்டில் எதிரணி நெஞ்சுக்கு நேரே ஷார்ட் பந்து போட்டு, பக்கத்திலேயே ஆள் நிறுத்திக் காத்திருந்தது. டெஸ்டில் 281 அடித்த வி.வி.எஸ். லட்சுமண் ஒரு உலகக் கோப்பை ஆட்டம்கூட ஆடியதில்லை. டி20-யில் உலகமே வியந்த சூர்யகுமார் யாதவ், 2023 மார்ச்சில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான மூன்று ஒருநாள் ஆட்டங்களிலும் முதல் பந்திலேயே அவுட்.

ஆனால் அந்த மூன்று பந்தை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யக் கூடாது. தேர்வில் நடக்கும் மிகப் பெரிய பிழை இங்கேதான் நடக்கிறது. டி20-யில் கடைசி ஓவர்களில் இறங்கும் ஃபினிஷரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆட்டத்துக்கு அவருக்கு 12 பந்து கிடைத்தால் பெரிய விஷயம். பத்து ஆட்டம் சேர்ந்தால் 120 பந்து. ஐந்து பந்துக்கு ஒன்றை எல்லைக்கு அனுப்பும் திறமை அவருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 24 பவுண்டரி எதிர்பார்க்கலாம். நிகழ்தகவுக் கணக்குப்படி, திறமை துளியும் மாறாமலே, வெறும் அதிர்ஷ்டத்தால் அந்த 24 என்பது 15 ஆகவும் இருக்கலாம், 33 ஆகவும் இருக்கலாம். 15 அடித்தவரை "ஃபார்ம் போச்சு" என்று நீக்குவோம், 33 அடித்தவரைக் கொண்டாடுவோம். இருவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடும். டெஸ்ட் பேட்ஸ்மேனுக்கு ஒரே தொடரில் ஆயிரம் பந்துகூடக் கிடைக்கலாம். அவரைப் பற்றிச் சீக்கிரம் தெளிவு வரும். ஃபினிஷர் விஷயத்தில் பல ஆண்டு ஆட்டங்களைச் சேர்த்துப் பார்க்கிற பொறுமை வேண்டும். அவருடைய சராசரியைப் பார்ப்பதில் பயனே இல்லை.

டி20-க்குள்ளேயே வேலைகளும் வேறு வேறு. முதல் ஆறு ஓவர், மைதானத்தில் வரைந்திருக்கும் உள்வட்டத்துக்கு வெளியே ஃபீல்டர்கள் இருவர்தான் நிற்கலாம். தலைக்கு மேல் தூக்கி அடிக்கிறவருக்கு அது பொற்காலம். ஏழாவது ஓவரிலிருந்து ஐந்து பேர் வெளியே போய்விடுவார்கள், சுழற்பந்து வரும். ஸ்வீப் தெரிந்தவரும் வேகமாக இரண்டு ரன் ஓடுகிறவரும் தேவை. ஆறு சிறந்த தொடக்க ஆட்டக்காரர்களைச் சேர்த்து ஓர் அணி அமைத்தால் அது சிறந்த அணி ஆகாது. விக்கெட்டின் விலையும் ஆட்டத்துக்குள்ளேயே ஏறி இறங்கும். 2022 டி20 உலகக் கோப்பையில் மெல்போர்னில் பாகிஸ்தானுக்கு எதிராக 160 ரன்னைத் துரத்திய இந்தியா 31 ரன்னுக்கு 4 விக்கெட் என்று விழுந்தபோது, மலிவாக இருந்த விக்கெட் ஒரே நொடியில் தங்கமானது. விராட் கோலி முதலில் நிதானமாக நின்று, பின்னால் வெடித்து, 53 பந்தில் 82 ரன்னோடு முடித்தார். விலை மாறுவதை உணர்ந்து தன் ஆட்டத்தை மாற்றத் தெரிந்தவர்கள்தான் மூன்று வடிவங்களிலும் நிற்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

வேகமாக ஆடுகிறவர் டெஸ்டுக்கு ஆகமாட்டார் என்று இதிலிருந்து எடுத்துக்கொண்டால் அதுவும் தப்பு. வீரேந்தர் சேவாக்கின் டெஸ்ட் சராசரி 49.34, ஒருநாள் சராசரி 35.05. டேவிட் வார்னர் முதல்தரப் போட்டி ஒன்றுகூட ஆடாமலே 2009 ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்காக டி20-யில் இறங்கி 43 பந்தில் 89 அடித்தவர். பத்தாண்டு கழித்து டெஸ்டில் 335 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றார். டெஸ்டில் ஆட்களை ஸ்லிப்பிலும் கல்லியிலும் குவித்தால் கவர் பக்கம் மைதானம் காலியாகக் கிடக்கும். லெங்த்தைச் சீக்கிரம் கணித்து, நிலைகுலையாமல் நின்று, தவறான பந்தை மட்டும் தண்டிக்கத் தெரிந்தவருக்கு அது விருந்து. கண், சமநிலை, லெங்த் கணிப்பு மூன்றும் எந்த வடிவத்துக்கும் கூடவே வரும். எந்தப் பந்தை விட வேண்டும் என்ற முடிவு மட்டும் ஒவ்வொரு வடிவத்திலும் புதிதாகப் படிக்க வேண்டிய பாடம். சிலர் படித்துவிடுகிறார்கள்.

2021 ஜனவரி 19, பிரிஸ்பேன். கடைசி நாள், இந்தியாவுக்கு இலக்கு 328. தொடக்கத்திலேயே ஒரு விக்கெட் விழுந்ததும் சேதேஷ்வர் புஜாரா வந்தார். அவர் சர்வதேச டி20 ஒன்றுகூட ஆடியதில்லை. உடம்பில் மாறி மாறி அடி வாங்கிக்கொண்டு 211 பந்து நின்று 56 ரன் எடுத்தார். முதல் பந்து முழுவதும் பழசாகி, 80 ஓவர் தாண்டி இரண்டாவது புதுப் பந்து எடுத்த பிறகுதான் அவரை எடுக்க முடிந்தது. இடையில் 167-க்கு 3 என்ற நிலையில் வந்து சேர்ந்த ரிஷப் பண்டுக்குக் கிடைத்தது தேய்ந்த பந்தும் களைத்த பந்துவீச்சாளர்களும். 138 பந்தில் 89 ரன் அடித்து, மூன்று ஓவர் மிச்சமிருக்க, நேராக ஒரு பவுண்டரி விரட்டி அவர் ஆட்டத்தை முடித்தார். அந்த 89 ரன்னில் எத்தனை ரன் புஜாரா எடுத்துக் கொடுத்தது என்று கணக்கிடும் முறை எந்த ஸ்கோர் அட்டையிலும் இன்னும் வரவில்லை.