ரெக்ரூட்டர் உங்கள் ஆள் இல்லை, காக்கா

போன வாரம் கீழக்கரைக்கு வந்திருந்தேன். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் இறங்கும்போது ஒரு காக்கா (அண்ணன்) என் கையைப் பிடித்துக்கொண்டார். 52 வயது. துபாயில் ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தில் 22 வருடம் வேலை பார்த்தவர், கடைசியில் ஆபரேஷன்ஸ் ஹெட். நிறுவனம் கைமாறியதும் வேலை போய்விட்டது. "தோஹாவில ஜெனரல் மேனேஜர் போஸ்ட் இருக்குன்னு ஒரு எக்ஸிகியூட்டிவ் சர்ச்காரர் சொன்னாரு தம்பி. ஒண்ணேமுக்கால் லட்சம் கட்டிட்டேன். இப்ப போனை எடுக்க மாட்டேங்கிறாரு. நீங்க இதே தொழில்லதானே இருக்கீங்க, அவரைத் தெரியுமா?"

தெரியாது. பணம் போன பிறகு இப்படி என்னிடம் வந்தவர்களில் இந்த வருடம் இவர் நான்காவது ஆள். முன்னால் வந்தவர்களில் ஒருவர் தொண்டி, ஒருவர் தேவிபட்டினம். இன்னொருவர் மண்டபம் பக்கம் இறால் பதப்படுத்தும் ஆலையையே நிர்வகித்தவர். யாரும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. கோடிக்கணக்கில் பட்ஜெட் பார்த்தவர்கள், சப்ளையர் பில்லில் பத்து ரூபாய் கூடினாலும் கேள்வி கேட்டவர்கள். தன் வேலை என்று வந்ததும் அந்தக் கேள்வியை ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

காரணம் ஒரு தவறான நினைப்பு. ரெக்ரூட்டரை, அதாவது நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தருபவரை, கல்யாணத் தரகர் மாதிரி நினைக்கிறோம். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டுக்கும் பொதுவானவர், இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவார், நாம் கொஞ்சம் கவனித்தால் நமக்காகக் கொஞ்சம் கூடப் பேசுவார் என்று. 17 வருடமாக இந்த வேலையில் இருப்பவன் சொல்கிறேன்: நாங்கள் பொதுவானவர்கள் இல்லை. ஒரு நிறுவனம் தனக்கு ஆள் வேண்டும் என்று எங்களை அமர்த்துகிறது, கூலியும் அதுதான் கொடுக்கிறது. மேல்மட்டப் பதவி என்றால் அந்தக் கூலி முதல் வருடச் சம்பளத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை போகும். ரிட்டெய்ன்டு சர்ச் (தேடும் வேலைக்கே நிறுவனம் எங்களை முன்கூட்டி அமர்த்துவது) என்றால் பெரும்பாலும் மூன்று தவணையில் வரும், முதல் தவணை வேலையை ஆரம்பிக்கும்போதே. கன்டின்ஜென்சி என்றால் ஆள் போய்ச் சேர்ந்த பிறகுதான் காசு. இரண்டிலும் உங்கள் பையில் கை வைக்க இடமே இல்லை.

ஆகவே 'ப்ரொஃபைல் மார்க்கெட்டிங்', 'அசெஸ்மென்ட் ஃபீ', 'விசா டெபாசிட்' என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அவர் சர்ச் ஆள் இல்லை. அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் இருக்கிறது. இந்தியாவில் இருந்துகொண்டு வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அப்படிப் பதிவு பெற்ற ஏஜென்ட்கூட வேலைக்குப் போகிறவரிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதுவும் ரசீதோடு. பதிவு எண்ணை மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் ஐந்து நிமிடத்தில் சரிபார்க்கலாம். அமீரகத்தின் 2021ஆம் வருட 33ஆம் எண் தொழிலாளர் சட்டமும் ஆள் எடுக்கும் செலவை முதலாளி தலையில்தான் வைக்கிறது, சவூதிச் சட்டமும் அப்படியே. அங்கே இத்தனை வருடம் இருந்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

ரெக்ரூட்டர் உங்கள் ஆள் இல்லை என்பது மனதில் பதிந்துவிட்டால் மற்ற தவறுகளும் குறையும். 'நல்லாப் பேசினார், அப்புறம் கூப்பிடவே இல்லை' என்று மனம் உடைந்துபோகாதீர்கள். பட்டியலில் நீங்கள் ஐந்தாவதாக இருந்திருக்கலாம், நிறுவனமே பதவியை நிறுத்தி வைத்திருக்கலாம். பதில் சொல்லாமல் விடுவது எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம், நியாயப்படுத்த மாட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு முறை கேளுங்கள். தினமும் வாட்ஸாப்பில் வணக்கம் அனுப்ப வேண்டாம். உயர்பதவிக்கு ஆறு மாதம் ஆவது சாதாரணம், அதற்குத் தகுந்தபடி கைச்செலவைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த நிறுவனம் என்று பெயர் சொல்லாதவரிடம் சிவியை அனுப்பச் சம்மதிக்காதீர்கள். ரகசியத் தேடல் உண்டு, பழைய ஆள் இன்னும் நாற்காலியில் இருக்கும்போதே நடப்பது. அப்போதும் சிவி நிறுவனத்தின் கைக்குப் போகும் முன் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரே சிவி இரண்டு ஏஜென்சி வழியாக ஒரே மேசைக்குப் போனால் கூலி யாருக்கு என்று தகராறு வரும். அந்தத் தலைவலி வேண்டாம் என்று நிறுவனம் உங்களையே ஒதுக்கிவிடும். பல பேருக்கு நடந்திருக்கிறது. யாருக்கு, எந்தத் தேதியில், எந்தப் பதவிக்கு அனுப்பினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். கடைசிக் கட்டத்தில் சம்பளச் சீட்டு கேட்பார்கள், அங்கே பொய் தெரிந்தால் கையில் வந்த ஆஃபரும் போய்விடும். திர்ஹத்தை அப்படியே ரூபாயாகப் பெருக்கிச் சென்னை நிறுவனத்திடம் கேட்பதும் வேண்டாம். அங்கே வரி இல்லை, வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் தனியாக வந்திருக்கும். இங்கே சிடிசி (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்த வருடச் செலவு) என்றால் பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். மாதம் கைக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

எங்களிடமும் கேள்வி கேளுங்கள். இந்த மாண்டேட் (ஆள் தேடும் பொறுப்பு) உங்களிடம் மட்டும்தானா? பதவி ஏன் காலியானது? இதற்கு முன் எத்தனை பேரைப் பார்த்தார்கள்? உண்மையிலேயே பொறுப்பு வாங்கியவரிடம் இதற்கெல்லாம் பதில் இருக்கும்.

வீட்டில் இருக்கும் லாத்தாமார்களிடமும் (அக்காமார்களிடமும்) ஒரு வேண்டுகோள். சபுரில் (வெளிநாட்டில்) இருந்து திரும்பிய மனிதர் வேலைக்காக நகையை அடகு வைக்கக் கேட்டால் உடனே கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள். சண்டை போட வேண்டாம், "அந்தக் கம்பெனி ஏன் கட்டலை?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது அவருக்கு எவ்வளவு கூச்சம் என்று எனக்குத் தெரியும். அந்தக் கூச்சம்தான் ஏமாற்றுகிறவனுக்கு வசதி.

அந்தக் காக்காவை அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் பேச வைத்தேன். பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு எண், வாட்ஸாப் பேச்சு எல்லாம் அழிக்காமல் இருந்தது, புகார் பதிவாகிவிட்டது. பணம் போய் ஐந்து வாரம் ஆகிவிட்டதால் திரும்பக் கிடைப்பது கஷ்டம் என்று மறைக்காமல் சொன்னேன். அனுப்பிய சில மணி நேரத்துக்குள் பேசியிருந்தால் கணக்கை முடக்கியிருக்க வாய்ப்பு உண்டு. அவர் சிவியை வாங்கிப் பார்த்தேன். ஏழு பக்கம், அத்தனையும் பொறுப்புகளின் பட்டியல். எத்தனை கிடங்கு, எத்தனை ஆட்கள், செலவை எவ்வளவு குறைத்தார், எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறேன், இரண்டு பக்கமாக எழுதித் தர.