எக்ஸோம் ரிப்போர்ட்டை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்

பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடு இருக்குமோ என்று எக்ஸோம் என்ற மரபணுப் பரிசோதனைக்கு வந்த இன்னொரு குழந்தை. ரிப்போர்ட் நெகட்டிவ் என்றதும், தொற்று வராமல் இருக்கக் கொடுத்துவந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள். அடுத்து வந்தது கல்லீரலில் சீழ்க்கட்டி. மரபணுத் தரவை அலசும் வேலையில் இருக்கும் நான் இதை மீண்டும் மீண்டும் பார்க்கிறேன்.

"கம்ப்யூட்டர் எல்லா ஜீனையும் பார்த்துவிட்டது, ஒன்றும் இல்லை" என்கிறார்கள். எல்லாவற்றையும் அது பார்ப்பதே இல்லை. எக்ஸோம் படிப்பது புரதம் செய்வதற்கான குறிப்புள்ள பகுதிகளை மட்டும். மொத்த டிஎன்ஏவில் அது 2 சதவீதத்துக்கும் குறைவு. அதற்குள்ளும் மென்பொருள் தடுமாறும் இடங்கள் உண்டு. வெள்ளை அணுக்களால் சில கிருமிகளைக் கொல்ல முடியாமல் போவது நாள்பட்ட கிரானுலோமா நோய். அதற்குக் காரணமான ஜீன்களில் ஒன்று என்சிஎஃப்1. அது இருக்கும் அதே 7ஆம் குரோமோசோமில், அதைக் கிட்டத்தட்ட அச்சு அசலாக ஒத்த இரண்டு போலி ஜீன்கள், அதாவது வேலை செய்யாத நகல்கள், இருக்கின்றன. கருவியோ டிஎன்ஏவைச் சுமார் 150 எழுத்துத் துணுக்குகளாகத்தான் படிக்கிறது. ஒரு துணுக்கு அசலிலிருந்து வந்ததா, போலியிலிருந்து வந்ததா என்று தெரியாவிட்டால், மென்பொருள் அதை நம்பத்தகாதது என்று ஒதுக்கிவிடும். இந்த ஜீனில் அதிகம் காணப்படும் பிழை இரண்டே எழுத்துகள் விடுபடுவது. போலிகளில் அந்த விடுபடல் வழக்கமாகவே இருப்பதால், நோயாளியிடம் இருந்தாலும் கண்ணில் படாமல் போகும். வெள்ளை அணுக்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் டிஹெச்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை இந்த நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். அதைச் செய்யாமல் எக்ஸோமுக்கு மட்டும் அனுப்புவது ஏன்?

நேர்மாறான தவறும் நடக்கிறது. ரிப்போர்ட்டில் 'முக்கியத்துவம் தெரியாத மாறுபாடு' என்று இருந்தால் அது நோயின் பெயர் அல்ல; நோய்க்குக் காரணமா இல்லையா என்று இன்னும் தெரியாத டிஎன்ஏ மாற்றம், அவ்வளவுதான். நம் ஒவ்வொருவரிடமும் ஆயிரக்கணக்கில் மாறுபாடுகள் உண்டு. அதை வைத்து சிகிச்சையையோ அடுத்த கர்ப்பத்தையோ முடிவு செய்யாதீர்கள்.

டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். விண்ணப்பத்தில் 'இம்யூன் குறைபாடு?' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எந்தக் கிருமி, எந்த வயதில், லிம்போசைட் எண்ணிக்கை எவ்வளவு, இம்யூனோகுளோபுலின் அளவு என்ன, பெற்றோர் உறவினர்களா, இவற்றை எழுதுங்கள். இந்த நோய்களோடு தொடர்புள்ள ஜீன்கள் 450க்கும் மேல்; எங்கே தேட வேண்டும் என்பதை அந்த நாலு வரிதான் சொல்கிறது. முடிந்தால் அம்மா, அப்பா ரத்தத்தையும் சேர்த்து அனுப்புங்கள். குழந்தைக்கு ஏற்கெனவே எலும்பு மஜ்ஜை மாற்று நடந்திருந்தால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். ரத்தத்தில் இருப்பது கொடையாளியின் டிஎன்ஏ, தோல் மாதிரிதான் வேண்டும்.

பெற்றோரே, ரிப்போர்ட் எப்படி வந்தாலும் டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள். கடுமையான குறைபாடு சந்தேகிக்கப்படும் கைக்குழந்தைக்கு, டாக்டர் சரி என்று சொல்லும்வரை பிசிஜி, ரோட்டா வைரஸ் போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் வேண்டாம். ரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சு செய்த ரத்தம் வேண்டும் என்று கேளுங்கள். அப்புறம், நெகட்டிவ் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். புதிய ஜீன்கள் ஆண்டுதோறும் கண்டுபிடிக்கப்படுகின்றன. ஓரிரு ஆண்டுகள் கழித்து அதே தரவை மறு ஆய்வு செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் புதிதாக ரத்தம்கூட எடுக்க வேண்டியிருக்காது.